அப்புறம் சொல்றேன்

என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும். ஒரு கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்று கையாட்டிக்கொண்டிருந்த குற்றத்துக்காக இரண்டு பெண்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவன் நான். ‘வேலை நேரத்தில் விளையாட்டு’ என்று காரணம் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியதில் பெருமை வேறு. அவர்கள் விளையாடவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு விளங்க மேலும் மூன்று வருடம் ஆனது.

போன மாதம் வாணி தொலைபேசியில் கூப்பிட்டாள். என்னிடம் வேலை பழகியவள், நான் ஓய்வுபெற்ற மருத்துவமனையில் இப்போது பயிற்சிப் பிரிவில் இருக்கிறாள்.

“அண்ணே, ஸ்டாஃப்புக்கு ஒரு டாக் இருக்கு. டைவர்சிட்டி பத்தி. வேலை எடத்துல பல மாதிரி ஆளுங்க, பல மாதிரி திறமை, அந்த மாதிரி. நீங்கதான் கரெக்ட் லா. பத்து நிமிஷம் ஜோக்கா பேசுங்க.”

“பேச மாட்டேன். வேணும்னா எழுதித் தர்றேன்.”

“ஏன் அண்ணே, தொண்டை சரியில்லையா?”

“தொண்டை நல்லாத்தாம்மா இருந்துச்சு, முப்பத்தோரு வருஷமா. அதான் பிரச்சினையே.”

அவள் சிரித்தாள். நான் எது சொன்னாலும் சிரிப்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவனும் நான்தான்.

நான் வேலை பார்த்தது மருத்துவமனையின் கிருமிநீக்கப் பிரிவில். கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தோம்; நோயாளி எவரும் எங்களைப் பார்த்ததில்லை. அறுவைக்கூடத்திலிருந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, சோதித்து, எண்ணி, பெட்டியில் அடுக்கி, நீராவியில் வாட்டித் திருப்பி அனுப்புவோம். “பாத்திரம் கழுவுற வேலைக்கு இவ்வளவு பெரிய யூனிஃபார்மா?” என்று என் மனைவி கேட்பாள். ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு தட்டுகூடக் கழுவாதவனைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. தள்ளுவண்டி தள்ளுகிறவனாகச் சேர்ந்தேன். இரண்டு தேர்வில் தோற்று மூன்றாவதில் தேறினேன். பதினெட்டாம் வருடம் பொறுப்பாளரானேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எங்கள் பிரிவில் இரண்டு அறைகள். முதல் அறை கழுவும் பக்கம். இரத்தமும் சதையுமாக வரும் கருவிகள் அங்கேதான் இறங்கும். அங்கே நிற்பவர்கள் நீண்ட அங்கி, இரட்டைக் கையுறை, முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தகடு அணிய வேண்டும். குழாய் வடிவக் கருவிகளுக்குள் காற்றுத் துப்பாக்கியால் ஊதுவார்கள். சலவை இயந்திரங்கள் உறுமும். மேலே காற்று இழுக்கும் விசிறி ஓயாது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. இரண்டாவது அறை சுத்தமான பக்கம். நடுச்சுவரில் சலவை இயந்திரங்கள் பதித்திருக்கும்; அந்தப் பக்கம் அழுக்காகப் போவது இந்தப் பக்கம் சுத்தமாக வெளியே வரும். சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல். அதனருகே இரு பக்கமும் பேசிக்கொள்ள ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி. தொலைபேசி சுத்தமான பக்கத்தில் மட்டும்தான். கழுவும் பக்கத்தில் இருப்பவரால் இரத்தம் பட்ட கையுறையோடு எதையும் தொட முடியாதல்லவா? ஏதாவது குறைந்தாலோ உடைந்தாலோ அவர் பெட்டி வழியாகச் சொல்வார்; நாங்கள் அறுவைக்கூடத்துக்கு உடனே போன் செய்வோம். உடனே என்றால் உடனே. அந்தத் துண்டு நோயாளியின் உள்ளே இருக்கலாம்.

எங்களுக்கு மேலதிகாரி சிஸ்டர் ஆங். மெலிந்த உடம்பு, சத்தமில்லாத நடை. கோபித்து நான் பார்த்ததில்லை. கோபித்தால் தேவலை என்று தோன்றும். யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்: “டோன்ட் டெல் மீ. ஷோ மீ.” கழுவியாயிற்று என்றால் காட்ட வேண்டும். எண்ணியாயிற்று என்றால் அவர் முன்னால் மறுபடி எண்ண வேண்டும். கீல் உள்ள ஒவ்வொரு இடுக்கியையும் விரித்து, விளக்கின் கீழ் பிடித்து, கீலின் இடுக்கைத்தான் முதலில் பார்ப்பார். “இங்கேதான் பொய் ஒளிஞ்சிருக்கும்” என்று ஒருமுறை ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

அவரைப் பற்றித்தான் நான் நிறைய ஜோக் சொல்வேன். காலைக் கூட்டத்தில் அவர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்க, நான் பின்வரிசையில் கிளிப்போர்டால் வாயை மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்களுக்கு விடுவேன். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று, ஹொக்கியன் சீனத்தில் அரைகுறையாக ஒன்று. ஆங்கிலத்தையும் சேர்த்தால் நான்கு மொழியில் எனக்குக் கத்தத் தெரியும். பிரிவில் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாவிட்டாலும் நான்தான் பாலம். பல இனக் கொண்டாட்டம் வந்தால் மேடையில் நான்கு மொழியிலும் வணக்கம் சொல்வதும் நான்தான். சீனப் புத்தாண்டுக்கு நாமும் மலாய்க்காரர்களும் வேலைக்கு வருவோம். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் மற்றவர்கள் வருவார்கள். அந்த அட்டவணையை நான்கு வண்ணத்தில் போட்டு ஒட்டுவேன். பல மாதிரி மனிதர்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று என்னைக் கேட்டால் அந்த அட்டவணையைத்தான் காட்டியிருப்பேன்.

அதில் பரீதாவும் ஒரு வண்ணத்தில் இருந்தாள்.

ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து காது போனவள். தமிழ் அதற்குள் நாக்கில் ஏறிவிட்டதால் பேசுவாள், ஏற்ற இறக்கமில்லாமல். தெம்பனிசில் அம்மாவுடன் இருந்தாள். கேட்பதெல்லாம் கண்ணால்தான், நம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். சுத்தமான பக்கத்தில், கருவிகளை விளக்கின் கீழ் சோதிக்கும் மேசை அவளுடையது. நான் அவள் தோளைத் தட்டி முகத்தைக் காட்டிப் பேசினால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் கூட்டத்தில் எல்லாரும் குபீரென்று சிரிக்கும்போது மட்டும் திரும்பிப் பார்ப்பாள்.

“என்ன அண்ணே?”

“ஒண்ணுமில்லம்மா. அப்புறம் சொல்றேன்.”

தட்டிக்கழிக்க வேண்டும் என்று சொன்னதல்ல. உண்மையிலேயே அப்புறம் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஜோக்கை இரண்டாம் முறை சொன்னால் ஆறிப்போன தோசை மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிடுவேன். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை அப்புறம் என்று நான் எண்ணவில்லை.

பிறகு முகக்கவசக் காலம் வந்தது. சுத்தமான பக்கத்திலும் எல்லார் வாயும் மூடிக்கொண்டது. எங்களுக்கு அது மூச்சு முட்டல். பரீதாவுக்கு ஊரே ஒரே நாளில் ஊமையானது போல. முதல் வாரம் எங்கள் கண்களைப் பார்த்தாள். இரண்டாம் வாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டு விளக்கின் கீழ் குனிந்தே இருந்தாள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டுவோம், நேரமிருந்தால். அந்தக் காலத்தில் யாருக்கு நேரமிருந்தது?

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆட்களை மாற்றியமைக்கப் போகிறார்கள். தற்போதைய பணிக்குப் பொருந்தாதவர் யார் என்று ஒவ்வொரு பொறுப்பாளரும் எழுத வேண்டும். நான் பரீதா பெயரை எழுதினேன். ‘காது கேளாததால் எச்சரிக்கை ஒலி கேட்காது. அழைத்தால் பதில் இல்லை. பாதுகாப்பை முன்னிட்டு வெளிக்கட்டடத் துணிக்கிடங்குக்கு மாற்றலாம்.’ துணிக்கிடங்கு ஒப்பந்தக்காரரின் பொறுப்பில் இருந்தது. போனால் பரீதா தேர்வெழுதி வாங்கிய பதவி போகும். திரும்பி வர வழி இருக்காது. எனக்கு அது தெரியும். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே கூட்டமில்லை, நிம்மதியாக மடித்துக்கொண்டிருப்பாள் என்று. ஒரு தாளில் எழுதி அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

“நான் என்ன தப்பு பண்ணேன் அண்ணே?”

தொலைபேசி மணி அடித்தது. கையை உயர்த்தி ‘அப்புறம்’ என்று காட்டிவிட்டுப் போனேன். அந்தச் சைகை எனக்கு நன்றாக வரும்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும். அறுவைக்கூடம் ஐந்தில் வயிற்று அறுவை. சிறு துளைகள் போட்டு நீண்ட கருவிகளை உள்ளே விட்டுச் செய்வது. நடுவில் ஓர் இடுக்கி சரியாகப் பிடிக்கவில்லை என்று மருத்துவர் மாற்றிக்கொண்டார். அந்த வகை எங்களிடம் கொஞ்சமே இருந்ததால், அடுத்த நோயாளிக்குத் தயாராகட்டும் என்று அதை உடனே கீழே அனுப்பிவிட்டார்கள். கழுவும் பக்கத்தில் நின்றவர் ரொஹானி. ஐம்பது கடந்த மலாய்ப் பெண்மணி, நான் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த இருவரில் ஒருவர். மற்றவள் பரீதா. ரொஹானியை எல்லாரும் ‘மக்சிக்’, அதாவது மலாயில் அத்தை, என்று கூப்பிடுவோம்.

ஒலிபெருக்கிப் பெட்டி கரகரத்தது. மக்சிக் ஏதோ சொல்கிறார். முகக்கவசம், தகடு, காற்றுத் துப்பாக்கி, விசிறி எல்லாவற்றையும் தாண்டி வந்தது வெறும் உறுமல். “அப்பா? அப்பா?” என்றேன்; மலாயில் ‘என்ன’ என்று அர்த்தம். ஆங்கிலத்தில் கேட்டேன். சத்தமாகக் கேட்டேன். பெட்டியின் வாயில் என் வாயை வைத்து, நான் பாலமல்லவா, நான்கு மொழியிலும் கத்தினேன். அவர் இடுக்கியைத் தூக்கிக் கண்ணாடியில் காட்டினார். எந்தப் பெட்டியில் வைப்பது என்று கேட்கிறார் போலும் என நினைத்து, கீழே வை என்று கை காட்டினேன். அவர் இல்லையென்று தலையை வேகமாக ஆட்டினார்.

பரீதாவின் மேசை சன்னலுக்கு முதுகு காட்டி இருந்தது. தற்செயலாக உறைத்துணி எடுக்க எழுந்தவள் திரும்பினாள். மக்சிக் இடுக்கியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினார். விரல்கள் கடகடவென்று ஓடின. நான் அதைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் ‘கையாட்டுகிறார்’ என்றுதான் நினைத்தேன்.

யாரோ என் சட்டையை இழுத்தார்கள். பரீதா. நான் பெட்டியிலிருந்து வாயை எடுக்காமல் கையை உயர்த்தினேன்: அப்புறம்.

அவள் இழுத்த இழுப்பில் நான் சுற்றி நின்றேன். என் மூக்குக்கு முன்னால் ஓர் எண்ணிக்கைத் தாளைப் பிடித்தாள். பெரிய எழுத்தில், பேனா தாளைக் கிழித்திருந்தது: ‘அறுவைக்கூடம் 5. இடுக்கி நுனி ஒரு பக்கம் உடைஞ்சு இல்ல. மூட வேணாம்னு சொல்லுங்க.’ மற்றக் கையால் தொலைபேசியை எடுத்து என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

போன் செய்தேன். மேலே தையல் போட ஊசியை எடுத்திருந்தார்கள். நிறுத்தினார்கள். அரை நெல்மணி அளவுத் துண்டு. தேடியபோது வயிற்றின் உள்ளேயே கிடைத்தது. நோயாளி நல்லபடியாக வீட்டுக்குப் போனார். இதெல்லாம் பிறகு அவரிடம் முறைப்படி சொல்லப்பட்டது.

பகல் மூன்று மணிக்கு சிஸ்டர் ஆங் கீழே இறங்கி வந்தார். கையில் நான் எழுதிய படிவம்.

“மிஸ்டர் கோபால். எச்சரிக்கை ஒலி கேட்காதுன்னு எழுதியிருக்கீங்க. டோன்ட் டெல் மீ. ஷோ மீ.”

முதலில் என்னைத்தான் அங்கி மாட்டிக் கழுவும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். இரட்டைக் கையுறை, தகடு, கையில் காற்றுத் துப்பாக்கி. ஒரு குழாய்க் கருவியை எடுத்து பக்தியோடு ஊதிக்கொண்டிருந்தேன். சோதனை எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் சிஸ்டர் இயந்திரத்தின் அருகே கைகட்டி நிற்கிறார். எச்சரிக்கை ஒலி மூன்று முறை அடித்து முடிந்திருந்தது. நான் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததாக மக்சிக் பிறகு சொன்னார்.

அடுத்து பரீதா. இயந்திரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒலியோடு சேர்ந்து எரியும் சிவப்பு விளக்கு மின்னிய கணமே கை இயந்திரத்தை நிறுத்திவிட்டது. பிறகு சிஸ்டர் அவளை முதுகு காட்டி நிற்க வைத்தார். விளக்கு மின்னியது. பரீதா கழுவிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி எழுந்தது. நான் எழுதியது சரிதான் என்று. இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அது எழுந்தது. காலையில் ஓர் உயிரைக் காப்பாற்ற என் நெஞ்சில் தொலைபேசியை வைத்து அழுத்தியவள் அவள்.

முகக்கவசம் இருந்தும் சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். சுத்தமான பக்கத்துக்கு நடந்தார். பரீதாவின் மேசையருகே நின்று சன்னலைப் பார்த்தார், இயந்திரங்களைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

“இது ஏன் இப்படி இருக்கு?”

“எப்பவும் அப்படித்தான் சிஸ்டர்.”

“டர்ன்.”

நானும் இன்னொருவரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்தோம். விளக்குக் கம்பியை ஒருமுறை பிடுங்கிச் செருக வேண்டியிருந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. சன்னல், இயந்திரம், அதன் சிவப்பு விளக்கு எல்லாம் பரீதாவின் கண்ணுக்கு நேரே வந்துவிட்டன. கழுவும் பக்கத்தில், முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரிய ஒரு கண்ணாடியும் இன்னொரு சிவப்பு விளக்கும் மாட்டச் சொன்னார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் அவள் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், மேசையைத் திருப்பலாம் என்று ஒருவருக்கும் தோன்றாமல். எனக்குக் கிடங்குதான் தோன்றியது.

அது முடிவல்ல. சிஸ்டர் படிவத்தை என்னிடம் நீட்டினார். அலுவலக அறைக்குக் கண்ணாடிக் கதவு. நான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முகக்கவசத்தை இறக்கி, வெளியே நிற்கும் பரீதாவுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

பல மாதத்துக்குப் பிறகு அவள் என் உதட்டைப் பார்த்தாள். அந்த உதட்டிலிருந்து அவளுக்கு முதலில் வந்தவை இந்தச் சொற்கள்: பொருந்தாதவர். பதில் இல்லை. மாற்றலாம். தமிழில்தான் சொன்னேன், மெதுவாக. கிளிப்போர்டு கையில் இல்லை.

கதவுக்கு வெளியிலிருந்து அவள் குரல் தட்டையாக வந்தது.

“பன்னண்டு வருஷத்துல நான் அடுக்குன பெட்டி ஒண்ணாவது குறைன்னு திரும்பி வந்திருக்கா அண்ணே?”

“இல்லம்மா.”

“அதை ஏன் எழுதல?”

படிவத்தைத் திருத்தி எழுதினேன். சிஸ்டர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பரீதா துணிக்கிடங்குக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் முழுக்கதையும் எனக்குத் தெரிந்தது. மக்சிக்கும் பரீதாவும் மதியம் ஒரே ஹலால் கடையில் வாங்கி ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். அங்கே தொடங்கிய சைகைப் பேச்சு. மக்சிக்கிடமிருந்து மற்றவர்களுக்கும் பரவியிருக்கிறது. மியன்மார்ப் பெண்ணுக்குத் தெரியும், இரவு ஷிஃப்டுச் சீன ஆண்ட்டிக்குத் தெரியும். இரைச்சலில் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியாத அந்த அறையில் பல வருடமாக அதுதான் பேச்சு. எச்சரிக்கைக் கடிதம் வந்தபின், நான் திரும்பி நிற்கும்போது மட்டும் பேசியிருக்கிறார்கள். பிரிவில் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத ஒரே ஆள், நான்கு மொழிப் பாலம்.

சிஸ்டர் உத்தரவில் பரீதா எல்லாருக்கும் வகுப்பெடுத்தாள். ‘உடைந்தது’, ‘குறைகிறது’, ‘நிறுத்து’, ‘மறுபடி கழுவு’. மாணவர்களில் மட்டம் நான். ‘ஒன்று குறைகிறது’ என்று நான் காட்டியதைப் பார்த்து மக்சிக் எனக்குப் பசிக்கிறதென்று பிஸ்கட் கொண்டுவந்தார். அப்போது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் இருந்தது. சிஸ்டருக்கு விளக்கைப் பிடித்துப் பார்ப்பது போல. என்னைக் குறிக்கும்போது உள்ளங்கையால் வாயை மூடினார்கள். முகக்கவசத்தைக் காட்டுகிறார்கள் போலும் என்று நினைத்தேன். எல்லாரும்தானே அணிகிறோம், எனக்கு மட்டும் ஏன்? பரீதாவிடமே கேட்டேன்.

“அது பழைய பேரு அண்ணே. மாஸ்க் வர்றதுக்கு முன்னாடியே வெச்சது. நீங்க ஜோக் சொல்றப்ப போர்டால வாயை மூடிக்குவீங்கல்ல?”

சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று ரயிலில் ஈசூன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடமிருந்தது.

வாணி கேட்ட தலைப்பில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான்கு வண்ண அட்டவணை போட்டேன், நான்கு மொழியில் வணக்கம் சொன்னேன். மேசையைத் திருப்பவில்லை.

இதை எழுதத் தொடங்குமுன் பரீதாவின் அனுமதி வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் சந்தித்தோம். இப்போது கழுவும் பக்கத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். எனக்குத் தே ஹாலியா என்னும் இஞ்சித் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எழுதுங்க அண்ணே, பேரை மட்டும் மாத்திருங்க என்றாள், மாற்றியிருக்கிறேன். பிறகு, இன்னொன்று பாக்கி இருக்கிறது என்றேன். அப்புறம் சொல்கிறேன் என்று சொன்னவற்றில் ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன், கையால்.

நன்றாக நினைவிருந்த ஒன்று. ஒரு காலைக் கூட்டத்தில் பின்வரிசை முழுதும் தோள் குலுங்கச் சிரித்தது. சிஸ்டரே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பரீதா மூன்று முறை கேட்டாள். வீட்டில் இரண்டு வாரம் கண்ணாடி முன் பழகியிருந்தேன். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினேன். சிஸ்டர் ஆங் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை தெரியுமா? பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளை வந்தார். சிஸ்டர் அவரை விளக்கின் கீழ் நிறுத்தினார். தலை ஒன்று, கண் இரண்டு, கை இரண்டு. லிஸ்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பல் ஒன்று குறைந்தது. பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

‘மாப்பிள்ளை’ இரண்டு முறை தப்பாக வந்தது. பரீதா என் விரலைப் பிடித்துத் திருத்தினாள். பக்கத்து மேசைக்காரர் நூடுல்ஸை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார். ஒருவழியாக முடித்து, கைகளை மேசையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

தள்ளி வைத்த கோப்பையை மறுபடி என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு கேட்டாள்:

“இதுக்கா எல்லாரும் சிரிச்சாங்க?”